பதினோராவது இடத்தை எப்படிப் படிப்பது? சாப்ளே, லலிதா பாபர், 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ்

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் அவினாஷ் சாப்ளேயின் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் தண்ணீர்க் குழிகளையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் பந்தயம்) முடிவுகளைச் செய்திகளில் மட்டும் பார்த்து வந்தவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் புதிய தேசிய சாதனை படைத்தார். ஆனாலும் தகுதிச் சுற்றில் ஏழாவதாக வந்ததால் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. 2022 ஜூலையில் யூஜீன் உலகச் சாம்பியன்ஷிப்பில் 11ஆம் இடம். மூன்று வாரத்துக்குள் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெள்ளி, அதுவும் தங்கத்தை 0.05 விநாடியில் தவறவிட்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் 11ஆம் இடம். அதைச் சரித்திரச் சாதனை என்றார்கள். ஏழாவது, பதினொன்றாவது, இரண்டாவது, பதினொன்றாவது என்று போகும் இந்த எண்களை ஏறி இறங்கும் ஃபார்ம் என்று படித்தால் தவறாகிவிடும். அந்தக் காலம் முழுவதும் அவருடைய வேகம் கூடிக்கொண்டேதான் போனது. இடங்கள் ஏன் அதைக் காட்டவில்லை என்பது ஸ்டீபிள்சேஸ் என்ற பந்தயத்தின் அமைப்பிலும் தகுதி விதிகளிலும் இருக்கிறது.

பந்தயத்தின் அளவுகள்

1. மொத்தத் தூரம் 3000 மீட்டர். தாண்ட வேண்டிய தடைகள் 35. அவற்றில் 28 சாதாரணத் தடைகள், 7 தண்ணீர்க் குழிகள்.

2. முழுச் சுற்றுகள் ஏழு. ஒவ்வொன்றிலும் ஐந்து தடைகள். நான்காவது தடை தண்ணீர்க் குழி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் முழுச் சுற்று தொடங்கும் இடம் வரை தடை எதுவும் இருக்காது. கூட்டம் பிரிவதற்கு அந்த இடைவெளி.

3. சுற்றின் நீளம் 400 மீட்டர் அல்ல. தண்ணீர்க் குழி தடத்தின் வளைவுக்கு உள்ளே இருந்தால் சுற்று சுமார் 396 மீட்டர். வெளியே இருந்தால் சுமார் 419 மீட்டர். அதனால் மைதானத்துக்கு மைதானம் தொடக்கக் கோடு இடம் மாறும். தொலைக்காட்சியில் காட்டும் சுற்று நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

4. தடையின் உயரம் ஆண்களுக்கு 91.4 செ.மீ., பெண்களுக்கு 76.2 செ.மீ. மேல்கட்டை 12.7 செ.மீ. சதுரம். தடையின் எடை 80 முதல் 100 கிலோ. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் காலில் பட்டால் தடை சாய்ந்து வழிவிடும். இது அசையாது. முழங்கால் இடித்தால் ஓட்டக்காரர்தான் விழுவார்.

5. தடையைத் தொடாமல் தாண்டலாம், மேலே கால் வைத்து மிதித்தும் போகலாம், கையைக்கூட ஊன்றலாம். தடைக்குப் பக்கவாட்டில் கால் போய், தாண்டும் கணத்தில் பாதமோ காலோ மேல்கட்டையின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் தகுதி நீக்கம். தண்ணீர்க் குழிக்கு வெளியே பக்கத்தில் கால் வைத்தாலும் அப்படியே. விழுவது குற்றமில்லை, எழுந்து ஓடலாம்.

ஒரு தடையின் விலை

தடையே இல்லாத 3000 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனை ஜேக்கப் இங்கெபிரிட்சன் 2024இல் ஓடிய 7:17.55. அதாவது 7 நிமிடம் 17.55 விநாடி. ஸ்டீபிள்சேஸ் உலக சாதனை எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மா 2023இல் பாரிஸில் ஓடிய 7:52.11. இரண்டுக்கும் இடைவெளி 34.56 விநாடி, தடைகள் 35. உச்ச நிலையில் ஒரு தடைக்கு ஏறக்குறைய ஒரு விநாடி செலவாகிறது. ஓடியவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் பயிற்சியில் கைவைக்க வேண்டிய இடம் எது என்பதைச் சரியாகவே காட்டுகிறது: ஒரு தடைக்குக் கால் விநாடி மிச்சம் பிடித்தால் பந்தய முடிவில் கிட்டத்தட்ட 9 விநாடி கிடைக்கும்.

அந்த விநாடி எங்கே போகிறது?

110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடைகளுக்கு நடுவே எத்தனை அடி வைப்பது என்பது முன்பே முடிவானது. ஸ்டீபிள்சேஸில் தடைகளின் இடைவெளி நீளம், கூட்டமும் உண்டு. அடிக்கணக்கு வைத்து ஓட முடியாது. தடைக்கு 10, 15 மீட்டர் முன்பே கண்ணால் அளந்து, வேகம் குறையாமல் அடியைச் சற்று நீட்டியோ குறுக்கியோ சரி செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் சரி செய்பவர் தடைக்கு முன்னால் குட்டி அடிகள் வைத்துத் தட்டுத் தடுமாறுவார். அங்கே வேகம் செத்துவிடும். மறுபடி முடுக்குவதற்குச் சக்தி தனியாகச் செலவாகும். இடது, வலது எந்தக் காலை முன்னே வீசியும் தாண்டத் தெரிந்தவருக்கு இந்தத் தடுமாற்றம் பாதியாகக் குறையும். ஒரே காலில் பழகியவர் கால் மாறி வந்தால் ஓர் அடி கூடுதலாக வைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது செலவு உயரம். தடைக்கு மேலே தேவைக்கு அதிகமாக எழும்பினால், எழும்புவதற்கும் செலவு, இறங்கும் அதிர்ச்சியைக் கால் வாங்குவதற்கும் செலவு. களைத்த பின் இதற்கு நேர்மாறான ஆபத்து: கால் எழும்பாது. தொடையில் வலு குறையக் குறைய, தாண்டப் புறப்படும் புள்ளி தடைக்கு அருகே வந்துவிடும். முழங்கால் கட்டையில் இடிக்கும். 2024 பாரிஸ் இறுதியில் உலக சாதனையாளர் கிர்மாவே கடைசிச் சுற்றில் தடையில் கால் பட்டு விழுந்து, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டார்.

மூன்றாவது, கூட்டம். முன்னால் நான்கு பேர் ஓடினால் தடை கண்ணில் படுவதே தாமதம். இதனால்தான் சாப்ளே பல பந்தயங்களில் தொடக்கத்திலேயே முன்னால் போய்விடுகிறார். காற்றைத் தானே கிழித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அதற்கு விலை உண்டு. பதிலுக்குத் தடை தெளிவாகத் தெரியும், யாரும் மேலே விழ மாட்டார்கள். ஆசிய அளவில் அவருக்கு இந்தக் கணக்கு லாபமாகவே முடிந்திருக்கிறது. உலக இறுதிகளில் அப்படிச் சொல்ல முடியாது.

தண்ணீர்க் குழி

குழியின் நீளம் தடையையும் சேர்த்து 3.66 மீட்டர். தடையை ஒட்டிய பக்கம் ஆழம்: இப்போதைய விதியில் 50 செ.மீ., பழைய மைதானங்களில் 70 செ.மீ. அங்கிருந்து தரை சாய்வாக மேலேறி மறுமுனையில் தடத்தின் மட்டத்துக்கு வந்துவிடும். தூரமாகத் தாண்டுபவருக்குத் தண்ணீர் குறைவு. கிட்டே விழுபவருக்கு முழங்கால் வரை தண்ணீர்.

பெரும்பாலானவர்கள் செய்யும் முறை இது:

1. குழிக்கு முந்தைய சில அடிகளில் வேகத்தைச் சற்றுக் கூட்டுவது. பயத்தில் குறைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு.

2. மேல்கட்டையில் பாதத்தின் முன்பகுதியை வைப்பது, ஷூ முட்கள் கட்டையின் முன்விளிம்பில் பிடிக்கும்படி.

3. கட்டையின் மேல் நிமிராமல், முழங்காலை மடித்தபடியே தாழ்வாக உருண்டு கடப்பது. நிமிர்ந்தால் உடல் மேலே போகும், முன்னே போகாது.

4. உடல் கட்டையைத் தாண்டிய பின் பின்னோக்கி உந்துவது. முன்கூட்டியே உந்தினால் உயரமாய்ப் போய்க் குழியின் நடுவில் செங்குத்தாக இறங்குவார்.

5. ஒரு காலைக் குழியின் ஆழமில்லாத முனையில் வைத்து, அடுத்த அடியை உலர்ந்த தடத்தில் வைப்பது. இரண்டு காலும் தண்ணீரில் இறங்கினால் ஓட்டம் அங்கே நின்றே போகும்.

நனைந்த ஷூ, வழுக்கும் தரை, ஒற்றைக் காலில் மொத்த உடலின் இறக்கம் என மூன்றும் சேரும் இடம் இது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் பெரிய காயங்கள் இங்கே வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வேகமாக ஓடியவர் வெளியே, மெதுவாக ஓடியவர் உள்ளே

டோக்கியோ குழப்பத்துக்கு வருவோம். அங்கே ஓட்டக்காரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து மூன்று தகுதிச் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் முதல் மூவர் நேராக இறுதிக்கு; மீதி ஆறு இடங்கள் எஞ்சியவர்களில் வேகமானவர்களுக்கு. சாப்ளே இரண்டாவது சுற்றில் ஏழாவதாக வந்தார், நேரம் 8:18.12. மூன்றாவது சுற்றில் முதலாவதாக வந்த மொராக்கோவின் சுஃபியான் எல் பக்காலியின் நேரம் 8:19.00. அவர்தான் பிறகு தங்கமும் வென்றார். அதாவது சாப்ளே ஓடிய நேரம் மூன்றாவது சுற்றில் எல்லாரையும் முந்தியிருக்கும். முதல் இரண்டு சுற்றுகளும் வேகமாக அமைந்ததால் நேர அடிப்படையிலான ஆறு இடங்களும் அங்கேயே நிரம்பிவிட்டன.

2023 புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்புக்குள் விதி மாறிவிட்டது. நேர அடிப்படை நீங்கியது. ஒவ்வொரு தகுதிச் சுற்றிலும் முதல் ஐவர் மட்டும். சாப்ளே 8:22.24 ஓடி ஏழாவதாக வந்து வெளியேறினார். பாரிஸிலும் முதல் ஐவர் விதிதான். அங்கே 8:15.43 ஓடி ஐந்தாவதாக வந்து, ஒலிம்பிக் ஸ்டீபிள்சேஸ் இறுதிக்குப் போன முதல் இந்திய ஆண் ஆனார். பழைய விதி அவரை வெளியே தள்ளியது, புதிய விதி உள்ளே விட்டது என்று எளிமையாக்க வேண்டாம். புடாபெஸ்டில் புதிய விதிதான் அவரை வெளியே அனுப்பியது. சரியாகச் சொன்னால், புதிய விதியில் நேரம் செல்லாக் காசு. கடைசி 300 மீட்டரில் ஐந்துக்குள் இருக்கும் கால்வேகம் வேண்டும்.

இறுதிப் பந்தயங்களில் இது இன்னும் கூர்மையாகும். பதக்கத்துக்கான ஓட்டத்தில் முன்னால் போய் வேகத்தைத் தாங்க யாருக்கும் ஆசையில்லை. 2022 யூஜீன் இறுதியை எல் பக்காலி வென்ற நேரம் 8:25.13. அதற்குச் சில வாரங்கள் முன்பு ரபாட்டில் சாப்ளே ஓடியிருந்தது 8:12.48. தன் சிறந்த நேரத்தைவிட மிக மெதுவாக வெல்லப்பட்ட பந்தயத்தில்தான் அவர் 8:31.75 ஓடி 11ஆவதாக வந்தார். 2025 டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் நியூசிலாந்தின் ஜார்டி பீமிஷ் தங்கம் வென்ற நேரமோ 8:33.88. அது கோபால் சைனி 1981இல் வைத்த பழைய இந்திய சாதனையைவிட மெதுவானது!

மெதுவாகத் தொடங்கும் பந்தயத்தில் வெற்றியைக் கடைசிச் சுற்றின் முடுக்கம் தீர்மானிக்கிறது. சீரான வேகத்தில் எதிரிகளைக் களைக்க வைக்கும் ஓட்டக்காரருக்கு அது பாதகம். சாப்ளே அந்த வகை. பர்மிங்காமில் பந்தயம் அவருக்கு ஏற்றபடி வேகமாக அமைந்தது: கென்யாவின் ஆபிரகாம் கிபிவோட் 8:11.15, சாப்ளே 8:11.20, மூன்றாவது வந்த ஏமஸ் செரெம் 8:16.83. காமன்வெல்த் போட்டியில் 1994க்குப் பிறகு இந்தப் பந்தயத்தில் கென்யர் அல்லாத ஒருவர் பதக்கம் வாங்கியது அதுதான் முதல்முறை. என் மதிப்பில் இந்திய நெடுந்தூர ஓட்டத்தின் மிகச் சிறந்த எட்டு நிமிடம் அது. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் அவர் வென்ற தங்கத்துக்கும் மேலே அதை வைப்பேன்.

சாதனை இறங்கிய வரிசை

சைனியின் 8:30.88 முப்பத்தேழு ஆண்டுகள் நின்றது. அதன் பின் சாப்ளே மட்டுமே பத்து முறை அதைத் திருத்தினார்:

1. 2018, புவனேஸ்வர் – 8:29.80
2. 2019, பாட்டியாலா – 8:28.94
3. 2019, தோஹா உலகச் சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்று – 8:25.23
4. 2019, தோஹா இறுதி – 8:21.37
5. 2021, பாட்டியாலா – 8:20.20
6. 2021, டோக்கியோ ஒலிம்பிக் – 8:18.12
7. 2022, திருவனந்தபுரம் – 8:16.21
8. 2022, ரபாட் – 8:12.48
9. 2022, பர்மிங்காம் – 8:11.20
10. 2024, பாரிஸ் டயமண்ட் லீக் – 8:09.91

தோஹா தகுதிச் சுற்றில் எத்தியோப்பிய வீரர் ஒருவரின் இடறலால் சாப்ளேயின் ஓட்டம் தடைப்பட்டது. இந்திய அணி முறையிட்டு, அவர் இறுதியில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார். அந்த முறையீடு ஏற்கப்படாமல் போயிருந்தால் பட்டியலின் நான்காவது வரி இல்லை.

சைனியின் நேரத்துக்கும் பட்டியலின் கடைசி வரிக்கும் இடைவெளி 20.97 விநாடி. தடத்தில் வைத்துப் பார்த்தால், 2024இன் சாப்ளே கோட்டைத் தொடும்போது 1981இன் சைனி 120 மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பார். 400 மீட்டருக்குச் சராசரி 68.1 விநாடியிலிருந்து 65.3 விநாடிக்கு இறங்கியிருக்கிறது. இதில் தடை நுட்பத்தின் பங்கு ஒருபக்கம். அடித்தள வேகம் கூடியது இன்னொரு பக்கம். 2022இல் 5000 மீட்டரில் 13:25.65 ஓடி, பகதூர் பிரசாத் 1992இல் வைத்த 13:29.70ஐ முறியடித்தார். 2020இல் டெல்லி அரை மாரத்தானை 1 மணி 30 விநாடியில் முடித்தார். 61 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர். தடை தாண்டத் தெரிந்தவரை நெடுந்தூர ஓட்டக்காரராக மாற்றுவது கடினம். ஓடத் தெரிந்தவருக்குத் தாண்டக் கற்றுத்தரலாம். சாப்ளே இரண்டாவது வழியில் வந்தவர்.

அதே வழியில் முன்னால் போனவர்

லலிதா பாபரும் அப்படியே. சாதாரா மாவட்டம் மாண் வட்டத்தின் மோஹி கிராமத்துக்காரர். மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்கள் பிரிவில் தொடர்ந்து மூன்று முறை வென்ற பிறகுதான் ஸ்டீபிள்சேஸை முதன்மையாக எடுத்தார். 42 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டருக்கு இறங்குவது வழக்கமில்லாத திசை. ஆனால் பெண்கள் ஸ்டீபிள்சேஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2008இல்தான். போட்டி ஆண்கள் பிரிவைப் போல இறுகியிருக்கவில்லை. கணக்குப் போட்டு எடுத்த முடிவாகவே தெரிகிறது.

2014 இஞ்சியான் ஆசியப் போட்டியில் வெண்கலம். முதலில் வந்த பஹ்ரைனின் ரூத் ஜெபெட் தடத்தின் உள்பக்கம் கால் வைத்ததாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டு, பிறகு மேல்முறையீட்டில் தங்கத்தைத் திரும்பப் பெற்றார். அதனால் லலிதாவின் பதக்க நிறம் ஒரு நாளுக்குள் வெண்கலம், வெள்ளி, வெண்கலம் என்று மாறியது. 2015 வூஹான் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தங்கம். அதே ஆண்டு பெய்ஜிங் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் எட்டாமிடம். 2016 ரியோவில் 9:19.76 என்ற தேசிய சாதனையுடன் இறுதிக்குப் போய் 9:22.74 ஓடிப் பத்தாவது. 1984இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் தனிநபர் தட ஓட்டத்தின் இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர். இப்போதைய தேசிய சாதனை உத்தரப் பிரதேசத்தின் பாருல் சௌத்ரியுடையது.

மாண், சாப்ளேயின் ஊரான மாண்ட்வா இருக்கும் ஆஷ்டி ஆகிய இரண்டு வட்டங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பவை. வறட்சிக்குப் பேர் போனவை. வறுமை ஓட்டக்காரர்களை உருவாக்குகிறது என்ற வழக்கமான வசனத்தை இங்கே எழுதிவிடுவது சுலபம். அந்த வட்டங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்குத் தூரம் நடந்தார்கள்; எட்டு நிமிடப் பத்து விநாடிக்குள் ஓடியவர் ஒருவர்தான். வேறுபாடு அதற்குப் பிறகு கிடைத்த அமைப்பில் இருக்கிறது. சாப்ளே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ராணுவத்தின் மகார் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். சியாச்சினிலும் ராஜஸ்தானிலும் பணி. 2015இல்தான் படைப்பிரிவின் கிராஸ்கன்ட்ரி ஓட்டம் மூலம் தடகளத்துக்கு வந்தார். சம்பளம், சாப்பாடு, பயிற்சியாளர், பந்தயம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் வழி அது. பிற்பாடு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஸ்காட் சிமன்ஸிடம் உயர்நிலப் பயிற்சி. ராணுவ வழி திறக்காத பெண்களுக்குப் பரிசுத் தொகையுள்ள மாரத்தான்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்பின. லலிதா அப்படி வந்தவர்.

முழங்கால்

2025 மே மாதம் தென் கொரியாவின் குமியில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் சாப்ளே 8:20.92 ஓடித் தங்கம் வென்றார். ஜூலையில் மொனாக்கோ டயமண்ட் லீக்கில் தண்ணீர்க் குழிப் பகுதியில் விழுந்து, ஓட்டத்தை முடிக்காமல் வெளியேறினார். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்தது. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பிலும் கிழிசல். அறுவை சிகிச்சை செய்துகொண்டார். செப்டம்பர் உலகச் சாம்பியன்ஷிப் போனது.

சாதாரண 5000 மீட்டர் ஓட்டக்காரருக்கு இதே காயம் வந்தால் கதை வேறு. முன் சிலுவைத் தசைநார், கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் முழங்கால் முறுக்காமலும் பிடித்து வைப்பது. நேர்க்கோட்டில் சீராக ஓடும்போது அதன் மேல் சுமை மிதமானது. மேலிருந்து ஒற்றைக் காலில் இறங்கி, அதே அடியில் முன்னே பாயும்போதுதான் உச்சச் சுமை. ஸ்டீபிள்சேஸில் ஒரு பந்தயத்துக்கு 35 முறை அது நடக்கும். அதில் 7 முறை வழுக்கும் சாய்வில். கிழிந்ததற்குப் பதிலாக அறுவை சிகிச்சையில் பொருத்தும் ஒட்டுத் தசைநார் உடலோடு இணைந்து முழு வலுவுக்கு வரப் பொதுவாக ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். அதற்குள் ஓட ஆரம்பித்துவிடலாம். தாண்டும் பயிற்சி கடைசியாகத்தான் வரும். எனவே இப்படிக் காயத்திலிருந்து திரும்பும் ஒருவர் 5000 மீட்டரிலோ சாலை ஓட்டத்திலோ நல்ல நேரம் காட்டினால் அதை ஸ்டீபிள்சேஸ் தயார் நிலையின் அடையாளமாக எடுக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது தண்ணீர்க் குழியை. கட்டையில் எந்தக் கால் வைக்கிறார், எந்தக் காலில் இறங்குகிறார், காயத்துக்கு முன் இருந்த காலை மாற்றிக்கொண்டிருக்கிறாரா, ஆறாவது ஏழாவது குழிகளில் இறங்கிய பின் முதல் இரண்டு அடி குறுகுகிறதா? நிறுத்தக் கடிகாரம் பிடிப்பதற்கு முன்பே தயக்கம் அந்த இரண்டு அடிகளில் தெரிந்துவிடும்.